காகிதம் இல்லாத குடியிருப்பு

1972-இல் வந்த இலங்கையின் 7-ஆம் இலக்க வாடகைச் சட்டம் வீட்டுக்காரரின் கையைக் கட்டியது. வீட்டின் ஆண்டு மதிப்பீட்டை ஒட்டியே வாடகை; சட்டம் ஒப்புக்கொண்ட காரணம் இல்லாமல் எவரையும் எழுப்ப முடியாது. மறு ஆண்டு வந்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. வரம்புக்கு மிஞ்சிய வீட்டை அதில் குடியிருப்பவரே விலைக்குக் கேட்கலாம் என்றது. தமிழ்நாட்டின் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்தத் துணிச்சலுக்குப் போகவில்லை. நியாய வாடகையை நிர்ணயிக்க வழி செய்து, காலி செய்யச் சொல்லும் காரணங்களை வரையறுத்ததோடு நின்றது.

இரண்டு கரைகளிலும் நோக்கம் நல்லது. விளைவு கசந்தது. இதே போன்ற கட்டுப்பாடு இருந்த மும்பையில் பல பழைய கட்டடங்களின் வாடகை 1940-ஆம் ஆண்டு அளவிலேயே உறைந்து கிடந்தது; அது நியாயமற்றதாகிவிட்டது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1997-இல் சொல்ல நேர்ந்தது. வாடகை ஏறாத வீட்டுக்கு மராமத்து பார்க்க யார் முன்வருவார்? கொழும்பு இதை முன்னதாகவே உணர்ந்தது. 1980-ஆம் ஆண்டுத் திருத்தம், அதற்குப் பின் கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்புகளைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது.

தமிழ்நாட்டின் புதிய சட்டம் 2017-இல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. உடன்படிக்கையை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி, வெளியேற்றத்துக்குக் காரணம். உடன்படிக்கை செய்துகொள்ளத் தவறுவதும் காரணம்தான்! அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது சட்டம். ஆனால் 'வேறு உடன்பாடு இல்லையேல்' என்ற வாசல் திறந்திருப்பதால், சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் அதன் வழியே எளிதாக நுழைந்துவிடுகிறது. சட்டம் எழுதியவர்கள் அந்த வாசலை அடைத்திருக்க வேண்டும். 2021-இல் இந்திய அரசு ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வரம்பையே வைக்கிறது. தவணை முடிந்தும் காலி செய்யாதவர் முதல் இரண்டு மாதங்களுக்கு இரட்டிப்பும், பிறகு நான்கு மடங்கும் வாடகை தர வேண்டும் என்றும் சொல்கிறது.

இலங்கை வேறு வழி பிடித்தது. 2023-ஆம் ஆண்டின் 1-ஆம் இலக்கச் சட்டம் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கவில்லை. எழுத்துக் குத்தகைக்கு மட்டும் விரைவுப் பாதை ஒன்றைப் போட்டது. வீட்டுக்காரரின் முறைப்பாட்டையும் சத்தியக்கடதாசியையும் வைத்தே மாவட்ட நீதிமன்றம் முதற்கட்டத் தீர்ப்பு வழங்கலாம்; எதிர்த்துப் பேச குடியிருப்பவர் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும்.

வாய்ப்பேச்சில் குடியேறியவர் நிலைமை இங்கேதான் பிரிகிறது. இலங்கையில் அவர்மீது வழக்கமான வழக்கே போட வேண்டும்; இழுபறி அவருக்குக் கொஞ்சம் அவகாசமாகிறது. தமிழ்நாட்டிலோ காகிதம் இல்லாததே அவரை வெளியேற்றப் போதும். அதை எழுதித் தர மறுப்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரராக இருந்தாலும், வீட்டை இழப்பவர் குடியிருப்பவரே.