இளையோர் உளநோயும் சம்மதமும்: ஒரு நாவல் பற்றிய குறிப்பு

ஜோன் கிறீன்பேர்க், ஹன்னா கிறீன் என்னும் புனைபெயரில் 1964இல் வெளியிட்ட ‘ஐ நெவர் புறொமிஸ்ட் யூ எ றோஸ் கார்டன்’, பதினாறு வயது டெபோறாவின் மனநோய்ச் சிகிச்சையைப் பொருளாகக் கொண்ட அமெரிக்க நாவலாகும். குழந்தைப் பருவத்து அறுவைச் சிகிச்சையின்போது வலியிராதென மருத்துவர்கள் கூறிய பொய் அவளுள் ஆறாத காயமாகிறது. உளமருத்துவர் பிறீட்டோ அவளிடம் பொய்யுரைப்பதில்லை. அவள் விருப்பின்றி அவளது கற்பனையுலகைப் பறிக்க முனைவதுமில்லை. நோயாளியும் சிகிச்சையின் பங்காளி என்பதை நாவல் அழுத்தமாக உணர்த்துகிறது.

எனினும் அப்பங்கின் சமூக அடிப்படை யாது? நாவலுக்கு மூலமான ஆசிரியரின் அனுபவம் செஸ்நட் லொட்ஜ் என்னும் தனியார் மருத்துவமனைக்குரியது. கட்டணம் செலுத்தவல்ல குடும்பத்தின் மகளுக்கே ஆண்டுக்கணக்கில் உரையாடும் மருத்துவர் கிட்டுகிறார். ஜோர்ஜியா அரச மனநோய் மருத்துவமனைகளிலிருந்த சிறுவர் சார்பான வழக்கிலோ, பெற்றோர் விருப்புடன் மருத்துவரின் சுயாதீன மதிப்பீடும் இருப்பின் போதும், முறையான நீதி விசாரணை அவசியமன்று என 1979இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இளையோரின் குரலுக்குச் செவிசாய்த்தலை நாவல் மருத்துவரின் தனிப்பட்ட பண்பாகவே காண்கிறது. அதனைக் கோரும் உரிமை வசதியற்றோர்க்கு எவ்வாறு கிட்டும் என்னும் வினாவை எழுப்பவில்லை. அதன் எல்லை அதுவேயாம்.