தாமதமாகத் தொட்ட பந்து

பந்து மட்டையைத் தாண்டிப் போய்விட்டது என்று கண் முடிவு கட்டிவிடுகிறது. விக்கெட் கீப்பரின் கையுறைகள் அதை ஏந்திக்கொள்ள விரிந்து காத்திருக்கின்றன. அப்போதுதான், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று தோன்றும் அந்தக் கடைசித் துளியில், மட்டை மேலிருந்து ஒரு சாய்வில் இறங்குகிறது. பந்தின் முதுகை மெல்லத் தொட்டு வழியனுப்புகிறது. ஓங்கிய சுவடு இல்லை, தோளில் முறுக்கு இல்லை. வேகம் முழுக்கப் பந்து வீசியவருடையது. மட்டை பிடித்தவர் கொடுத்தது திசை மட்டும். ஸ்லிப்பில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து தேர்ட் மேன் எல்லையை நோக்கிப் புல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது.

2024 அக்டோபர் 19, சனிக்கிழமை. பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தில் இந்தியா–நியூசிலாந்து முதல் டெஸ்டின் நான்காம் நாள். ஆடிக்கொண்டிருந்தவர் மும்பைக்காரர் சர்பராஸ் கான். அந்த ‘லேட் கட்’டை அவர் அன்று ஒரு தடவை ஆடி நிறுத்தவில்லை. காலை முழுதும், விதவிதமான உயரத்துப் பந்துகளுக்கு, ஒவ்வொரு தடவையும் ஒரு நூலிழை வித்தியாசத்தோடு ஆடிக்கொண்டே இருந்தார். அந்தக் காலையை ஓசூரிலிருந்து வந்த ஒரு தம்பதியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது என் கொடுப்பினை. அழகைக் கண்டதும் கைதட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவுகிற கூட்டத்தின் நடுவே, கண்ட அழகை விடாமல் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தெரிந்த இருவர் அவர்கள்.

அந்த அம்மா ஓசூர் சிப்காட்டில் இருக்கும் டைட்டன் தொழிற்சாலையில் கடிகாரம் கோத்தவர். பள்ளிப் படிப்பு முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்து, ஒரு கண்ணில் லென்ஸ் மாட்டி, டுவீசர் நுனியில் திருகாணிகளை எடுத்து வைத்தே தலை நரைத்தவர். 2002இல் ‘எட்ஜ்’ என்ற மெல்லிய கைக்கடிகாரத்தை அந்த நிறுவனம் கொண்டுவந்ததே, அதன் உள்ளே ஓடும் இயக்கப்பகுதியின் மொத்தத் தடிமனே 1.15 மில்லிமீட்டர்தான். அத்தகைய நுணுக்கத்தில் ஊறிய ஊரின் கண் அவருக்கு. கணவர் டி.வி.எஸ். ஆலையில், அசெம்பிளி லைனின் கடைசியில், ஓடிப் பார்க்கும் வண்டிகளின் சத்தத்துக்குக் காது கொடுத்தவர். 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் பிறந்த ஆலை அது. எஞ்சின் சரியாகச் சுவாசிக்கிறதா என்பது காட்டும் கருவிக்கு முன்பே தன் காதுக்குத் தெரிந்துவிடும் என்பார். பார்த்தபிறகு நானும் நம்புகிறேன்.

ஏனென்றால் அவர் கிரிக்கெட்டையும் காதால்தான் பார்க்கிறார். மட்டையின் நடுவில் பட்ட பந்துக்கும் அடிவிளிம்பில் பட்டதற்கும் உள்ள வேறுபாடு, மாடத்தின் மேல் வரிசைக்கு வந்து சேரும்போது மிகச் சிறியது. கண்ணுக்குப் பந்து முதலில் தெரிகிறது. ஓசை ஒரு கணம் பிந்தி வருகிறது. அந்த ஓசைக்காக அவர் தலையை லேசாகச் சாய்த்துக் காத்திருப்பார். சர்பராஸின் லேட் கட்டுக்கு ஓசை ஏறக்குறைய இல்லை. “இதுல சத்தமே வரல பாருங்க” என்று என் பக்கம் திரும்பியபோது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை, நன்றாக டியூன் ஆன வண்டியை அனுப்பிவைத்த நாட்களில் அவருடைய ஆலைத் தோழர்கள் பார்த்திருப்பார்கள்.

அம்மாவின் மடியில் ஒரு நீள நோட்டு. ஸ்கோர் எழுதுகிறார்! மின்பலகை எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கும் காலத்தில், பென்சிலைச் சீவிக் கூர்மையாக்கி, கட்டம் போட்டு, பந்துக்குப் பந்து எழுதுகிறார். ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி. ஆறு புள்ளிகளும் விழுந்து மெய்டன் ஆனால், அவற்றைக் கோடுகளால் இணைத்து ஓர் ‘எம்’ எழுத்தாக்கிவிடும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அதை அவர் கோலத்துக்குக் கம்பி இழுப்பவர்போல ஒரே இழுப்பில் செய்துவிடுகிறார். இதில் அவர் தாமாகச் சேர்த்துக்கொண்ட ஒரு குறியும் இருக்கிறது. மட்டைக்குப் பின்புறமாகப் போன பவுண்டரிக்கு, நான்கு என்ற எண்ணின் தலைமேல் சின்னதாக ஒரு வளைகோடு. உணவு இடைவேளைக்குள் சர்பராஸின் வரிசையில் அந்த வளைகோடுகள் நெருங்கி நின்றன. பிறகு அந்தப் பக்கத்தைப் பார்க்கும் யாருக்கும், எத்தனை ரன் என்பதோடு எந்த மாதிரி ரன் என்பதும் தெரிந்துவிடும்.

ஓசூர்த் தம்பதி அழைத்த பெயரில் அன்று ஆட்டம் பார்க்க வந்தது ‘சிட்டி’ப் பயணம். ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடையில் நாற்பது கிலோமீட்டர்தான். ஆனாலும் ஓசூர் வாயில் பெங்களூர் எப்போதும் சிட்டி. விடியற்காலை பஸ். ஜுஜுவாடி தாண்டி அத்திப்பள்ளி வரும்போது பலகைகளின் எழுத்து தமிழிலிருந்து கன்னடத்துக்கு மாறுகிறது. பஸ்ஸுக்குள் பேச்சு மட்டும் மாறுவதில்லை, ஏனென்றால் அது ஏறும்போதே தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்துதான் ஏறியது. சந்தாபுரா, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், மடிவாளா. பொம்மசந்திராவிலிருந்து மெட்ரோவின் மஞ்சள் தடம் ஓடத் தொடங்கியது 2025 ஆகஸ்டில்தான். அன்றைக்கு சாந்திநகர் வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ. அனில் கும்ப்ளே வட்டத்தருகே ஜெயநகர் நண்பர்கள், கணவனும் மனைவியும், காத்திருந்தார்கள். நண்பர் அதே டி.வி.எஸ். ஆலையில் ஓசூர் ஐயாவோடு ஒரே ஷிப்டில் இருந்தவர்.

அந்த நண்பர் வழியாகத்தான் லேட் கட்டுக்கு ஒரு குலமரபு இருப்பதை அன்று நினைத்துக்கொண்டோம். பத்ராவதியில் பிறந்த குண்டப்பா விஸ்வநாத்தை இளம் வயதில் பார்த்த தலைமுறை அவருடையது. சென்னை வாசகர்களுக்கு விஸ்வநாத் என்றால் 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் ஆண்டி ராபர்ட்ஸின் நெருப்புக்கு முன்னால், அணி எடுத்த 190இல் தனியாளாக ஆட்டமிழக்காமல் எடுத்த 97 நினைவுக்கு வரும். பெங்களூர்க்காரர்களுக்கோ அவர் மணிக்கட்டு. குள்ளமான உடல், பந்துக்கு அருகிலேயே இருக்கும் கண், கடைசிவரை அவசரப்படாத கை. சர்பராஸும் உயரம் குறைந்தவர். குனிந்து, பந்தின் உயரத்துக்குத் தன்னைத் தாழ்த்திக்கொண்டு ஆடுகிறார். “சக்கத் ஷாட் குரு!” என்று நண்பர் கூவியபோது அந்தக் குரலில் இரண்டு காலத்துக்குமான பாராட்டு இருந்தது.

இத்தனைக்கும் இந்தியா அப்போது ஆழக் குழியில் கிடந்தது. முதல் நாள் மழையில் கரைந்தது. இரண்டாம் நாள் இந்தியா 46 ரன்னுக்குச் சுருண்டது. சொந்த மண்ணில் அதுவரை அவ்வளவு குறைவாக எடுத்ததே இல்லை. சர்பராஸும் அதில் பூஜ்யம். நியூசிலாந்து 402 எடுத்து 356 ரன் முன்னிலை. வெள்ளிக்கிழமை கடைசிப் பந்தில் கோலி 70க்கு ஆட்டமிழந்திருந்தார். சுப்மன் கில்லின் கழுத்துப் பிடிப்பால் ஆட இடம் கிடைத்த ஒருவர், பூஜ்யத்துக்கு அடுத்த இன்னிங்ஸில், இவ்வளவு பெரிய கடனைத் தோளில் வைத்துக்கொண்டு, தவறினால் நேரே ஸ்லிப் கையில் போய் விழும் ஷாட்டை ஆடுகிறார் என்றால் அந்தத் துணிவையும் அழகோடு சேர்த்துத்தான் ரசிக்க வேண்டும். நூறைத் தொட்டது லேட் கட்டில் இல்லை. டிம் சௌதி பந்தைப் பின்காலில் நிமிர்ந்து நின்று கவர் திசையில் குத்தி அனுப்பினார். பந்து எல்லையைத் தொடுமுன்பே மட்டையைச் சுழற்றிக்கொண்டு, கைகளை அகல விரித்து ஓடத் தொடங்கிவிட்டார். டெஸ்டில் முதல் சதம். பக்கத்து வரிசையில் யார் யாரையோ கட்டிப்பிடித்தார்கள்.

ஆனால் எங்கள் ஐவருக்கும் அந்தக் காலையில் மிகவும் பிடித்துப்போனது ரன்னே வராத ஒரு கணம். எதிர்முனையில் ரிஷப் பந்த். இரண்டாம் நாள் விக்கெட் காக்கும்போது வலது முழங்காலில் அடிபட்டிருந்தது. 2022 டிசம்பரின் கார் விபத்துக்குப் பிறகு அறுவை சிகிச்சை செய்த அதே கால். ஒரு பந்தைத் தட்டிவிட்டு இருவரும் ஒரு ரன் ஓடினார்கள். பந்த் இரண்டாவதற்கும் கிளம்பிவிட்டார், பந்தின்மேல் கண் வைத்து, தலையைத் திருப்பிக்கொண்டு. சர்பராஸ் நடு ஆடுகளத்தில் நின்று கத்துகிறார், கேட்கவில்லை. உடனே குதிக்க ஆரம்பித்தார். இரண்டு கையையும் வீசி, இரண்டு காலையும் தரையிலிருந்து எடுத்து, மேலும் கீழும், மேலும் கீழும். பந்த் பார்த்துவிட்டார், திரும்பி ஓடினார். கீப்பர் டாம் பிளண்டல் எறிந்த பந்து ஸ்டம்பில் படவில்லை. அரங்கம் மூச்சை விட்டுச் சிரித்தது. அந்தக் குதிப்பில் ஆட்ட நுணுக்கம் எதுவும் கிடையாது. அடிபட்ட காலோடு ஓடும் தோழன்மேல் இருந்த பதற்றம் உடம்பு முழுக்க வெளிவந்தது, அவ்வளவுதான். அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று அவர் கணவர் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் நகர்த்தி வைத்தார்.

பந்த்தின் அழகு வேறு குலம். சர்பராஸ் பந்தின் வேகத்தைக் கடன் வாங்கினால், பந்த் தன் வேகத்தை அதன்மேல் திணிக்கிறார். ஒற்றைக் கை மட்டையிலிருந்து நழுவ, உடல் ஒருபக்கம் விழ, பந்து இன்னொரு பக்கம் பறக்கிறது. சௌதியை அவர் அடித்த ஒரு சிக்ஸர் 107 மீட்டர் போனது. ஐயா அப்போது காது கொடுக்கத் தேவையே இருக்கவில்லை. 105 பந்துகளில் 99. பிறகு ஓ’ரூர்க் வீசிய பந்து உள்விளிம்பில் பட்டு ஸ்டம்பைச் சாய்த்தது. டெஸ்டில் தொண்ணூறுகளில் அவர் ஆட்டமிழப்பது அது ஏழாவது தடவை. ஒரு கணம் யாரும் பேசவில்லை. அப்புறம் அரங்கம் எழுந்தது. சர்பராஸ் அதற்குமுன் 150இல் போயிருந்தார். இருவரும் சேர்த்தது 177 ரன். நடுவே மழை வந்து உணவு இடைவேளையை முன்னுக்கு இழுத்தது. அந்த மழைக்கும் நான் நன்றி சொல்வேன்: எழுதிய பக்கத்தைக் கூரையடியில் வைத்து ஐவரும் நிதானமாகப் படித்தது அப்போதுதான்.

மாலையில் வெளிச்சம் மங்கி ஆட்டம் நின்றபோது நியூசிலாந்துக்குத் தேவை 107. பும்ராவின் நான்கு பந்துகளோடு நாள் முடிந்தது. மழை மறுபடி கொட்ட, நனைந்துகொண்டே ஜெயநகர் போனோம். சுடச்சுட பிசிபேளே பாத், பூந்தி, கூடவே வாதம். இன்றைய மணி எது? நண்பர் சர்பராஸ் கட்சி. ஐயா பந்த் கட்சி. 150ஐவிட அந்த 99 கனமானது என்று விரலை மடக்கி மடக்கி வாதாடினார். நண்பரின் மனைவி, முந்தின நாள் தொலைக்காட்சியில் பார்த்த கோலியின் 70ஐ விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் எல்லாரும் நோட்டுக்காரரைப் பார்த்தோம்.

“நீ சொல்லும்மா” என்றார் கணவர்.

“நான் அவங்க புதுப் பந்தைச் சொல்வேங்க.”

நோட்டைத் திருப்பிக் காட்டினார். மூன்று பேர் போய் 408. எல்லோரும் போய் 462. கடைசி ஏழு விக்கெட்டுக்கு நடுவில் 54 ரன். எண்பது ஓவர் வரை உதைபட்ட மேட் ஹென்றியும் ஓ’ரூர்க்கும், புதுப் பந்து கைக்கு வந்ததும் நீளத்தைக் கொஞ்சம் மாற்றி, கோட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, ஆளுக்கு மூன்று விக்கெட்டோடு முடித்ததை ஓவர் ஓவராக விரல் வைத்துக் காட்டினார். காலையில் வளைகோடு நெருங்கிய இடமெல்லாம் மாலையில் புள்ளி. “காலைல இருந்து இவ்வளவு அடி வாங்கிட்டு, சாயங்காலம் கை நடுங்காம போட்டாங்களே, அது எவ்வளவு அழகு!” நண்பருக்குத் தாங்கவில்லை. நம்ம டீம் தோற்கப் போகுது, நீங்க அவங்களைக் கொண்டாடுறீங்க என்று செல்லமாகக் கோபித்தார். நான் அந்த அம்மா கட்சிக்கு ஓட்டுப் போட்டேன், இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நியூசிலாந்து எட்டு விக்கெட்டில் வென்றது. 1988க்குப் பிறகு இந்தியாவில் அவர்கள் வென்ற முதல் டெஸ்ட். ஓசூரில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து அம்மா கடைசிப் பக்கத்தை நிரப்பினார்: வில் யங் 48, ரச்சின் ரவீந்திரா 39, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. வெற்றி ரன் எடுத்த சூட்டோடு ஜெயநகரிலிருந்து போன். ரச்சினின் பெற்றோர் பெங்களூர்க்காரர்கள். “ஜெயிச்சது நம்ம ஊர்ப் பையன்தானே!” என்றார் நண்பர், இரவு முழுக்கத் தேடிக் கண்டுபிடித்த சமாதானத்தோடு.