நீதியரசரின் கேள்வியும் பத்திரிகைகளின் சிரிப்பும்

இணையத்தளம் என்றால் என்னவென்று தனக்கு உண்மையில் விளங்கவில்லை என நீதியரசர் ஒருவர் கூறியதாக 2007 மே மாதம் பல நாட்டுப் பத்திரிகைகள் செய்தி வெளியிட்டன. கூறியவர் பீட்டர் ஓப்பன்ஷோ. இடம், இலண்டன் வூலிச் நீதிமன்றம். கணினி யுகத்தில் இப்படியும் ஒரு நீதிபதியா என்ற ஏளனமே அச்செய்திகள் பலவற்றின் தொனியாக இருந்தது.

அங்கு விசாரிக்கப்பட்ட வழக்கோ பாரதூரமானது. இணையத்தின் மூலம் பயங்கரவாதக் கொலைகளுக்குத் தூண்டியதாக முஸ்லிம் இளைஞர் மூவர் மீது குற்றஞ்சாட்டப்பட்டிருந்தது. சாட்சியங்கள் இணையத்தளங்களுக்குள்ளேதான் இருந்தன. அவை எப்படி இயங்குகின்றன என்பதை விளங்காத ஒரு யூரர், எதை வைத்து ஒரு மனிதனைக் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ கூறுவார்? மூவரும் ஜூலையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றனர் என்பது உண்மை. ஆனால் மே மாதத்தில் அவர்கள் தீர்ப்பை எதிர்நோக்கியிருந்தவர்களே.

நீதியரசர் கணினியில் நன்கு பரிச்சயமுள்ளவர் என்றும், மன்றிலுள்ள அனைவரும் விளங்குவதற்காகவே நீதிபதிகள் இவ்வாறு வினவுவதுண்டு என்றும் நீதித்துறை பின்னர் விளக்கமளித்தது. வகுப்பறையில் நிற்பவனுக்கு இது புதிதல்ல. விடை தெரிந்துகொண்டே நாம் நாள்தோறும் எத்தனை வினாக்களைத் தொடுக்கிறோம்! ஆயினும் ‘எனக்கு விளங்கவில்லை’ என்று தன்னிலையிலேயே அவர் பேசியிருந்ததால், அவ்விளக்கத்தை முழுமையாக ஏற்கத் தயங்குவோரும் இருக்கலாம். அப்படியே அவருக்குத் தெரியாதிருந்தாலும், பகிரங்க மன்றில் கேட்டுத் தெளிவது குற்றமா? தெரியாததை மறைத்துத் தீர்ப்பெழுதுவதல்லவா ஆபத்து!

ஐக்கிய அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரின் பேஜர் செய்திகள் பற்றிய வழக்கில், பேஜருக்கும் மின்னஞ்சலுக்கும் என்ன வித்தியாசம் என்று பிரதம நீதியரசர் ஜோன் ரொபர்ட்ஸ் 2010இல் கேட்டார். அவரும் கேலிக்குள்ளானார். அதே ரொபர்ட்ஸ்தான், கைதானவரின் கைத்தொலைபேசியைத் தேடுதல் ஆணையின்றிப் பொலிஸார் பொதுவாகச் சோதிக்க முடியாது என்ற ஒருமித்த தீர்ப்பை 2014இல் எழுதினார். கைத்தொலைபேசி உண்மையில் ஒரு சிறு கணினி, ஒருவரது வாழ்வின் அந்தரங்கங்களைச் சுமப்பது என்ற தெளிவு அதில் இருந்தது. கேள்வியைப் பார்த்துச் சிரித்தவர்கள் தீர்ப்பையும் வாசித்திருக்க வேண்டும்.

ஒரு வாசகத்தை ஏற்கு முன் அதைச் சொன்னவர் யார், கொண்டுவந்தவர் யார், எச்சந்தர்ப்பத்தில் சொல்லப்பட்டது என ஆராயும் மரபு ஹதீஸ்கலையினூடாக நமக்கு வாய்த்தது. ஒரு வரியைப் பிடுங்கிவந்து தலைப்பாக்கும் செய்தியையும் அவ்வாறே வாசிக்க நாம் பழக வேண்டும். நீதிமன்றில் கேள்வி கேட்பதை வெட்கத்துக்குரியதாக்கினால் நாளை எந்த நீதிபதியும் கேட்கமாட்டார். அதன் விலையைக் கொடுப்பவர் பத்திரிகை ஆசிரியர் அல்லர், கூண்டில் நிற்பவரே.