238 ஊர்களும் ஒரு கள்ளிச்செடியும்

2017 செப்டம்பரில் அமேசான் ஒரு அறிவிப்பு விட்டது. சியாட்டில் போக இன்னொரு தலைமையகம் கட்டப்போகிறோம், 500 கோடி டாலர் முதலீடு, 50,000 வேலை, வேண்டும் என்கிற ஊர்கள் விண்ணப்பிக்கலாம். அமெரிக்கா, கனடா, மெக்சிகோவிலிருந்து 238 விண்ணப்பங்கள் வந்து சேர்ந்தன. உள்ளூர் அரசுகள் தங்கள் ஊரை எப்படி விற்கின்றன என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஒரே கேள்வி, 238 பதில்.

முதல்ல கூத்துகளைப் பார்த்துடலாம். அரிசோனாவின் டூசானிலிருந்து 21 அடி உயரக் கள்ளிச்செடி ஒன்றை அனுப்பினார்கள். பரிசு வாங்க மாட்டோம் என்று சொல்லி அமேசான் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டது. அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் ராட்சத அமேசான் அட்டைப்பெட்டிகளை நிறுத்தி வைத்தார்கள். கான்சாஸ் சிட்டி மேயர் ஆயிரம் பொருட்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, ஒவ்வொரு மதிப்புரையிலும் தன் ஊர் பெருமையைச் செருகினார். ஜார்ஜியாவின் ஸ்டோன்கிரெஸ்ட் இன்னும் ஒரு படி மேலே போய், 345 ஏக்கரைப் பிரித்து 'அமேசான்' என்ற பெயரிலேயே தனி நகரமாக்கித் தருகிறோம் என்றது. 2018 ஜனவரியில் வந்த 20 பேர் பட்டியலில் இந்த நாலு ஊரின் பெயரும் இல்லை.

இதையெல்லாம் அமேசானுக்கான விளம்பரம் என்று எடுத்துக்கொண்டால் அசட்டுத்தனமாகத்தான் தெரியும். எனக்கு இது உள்ளூர் வாக்காளருக்கான விளம்பரமாகத்தான் படுகிறது. 'பாருங்க, நாங்க சும்மா உக்காந்திருக்கல' என்று மேயர் தன் மக்களுக்குச் சொல்கிறார். ஏனென்றால் அமேசான் கேட்டது ஒளிவு மறைவில்லாமல் எழுத்திலேயே இருந்தது: பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை, பக்கத்தில் விமான நிலையம், பொதுப் போக்குவரத்து, தொழில்நுட்பம் தெரிந்த ஆட்கள். கள்ளிச்செடி அனுப்பி இதில் எதையும் ஈடுகட்ட முடியாது.

சரி, சலுகை கொடுத்தால் வருமா? நியூ ஜெர்சி நுவார்க் நகருக்காக 700 கோடி டாலர் வரை தரத் தயாராக இருந்தது. மேரிலாந்து, போக்குவரத்து வேலைகளையும் சேர்த்து, 850 கோடி என்றது. ஜெயித்ததோ வாஷிங்டன் பக்கத்தில் உள்ள ஆர்லிங்டனும் நியூயார்க்கும். ஆர்லிங்டனுக்காக வர்ஜீனியா தரப்பில் சொன்ன நேரடிச் சலுகை சுமார் 57 கோடி. மேரிலாந்து முன்னிறுத்திய மான்ட்கோமரி கவுன்டியும் அதே வாஷிங்டன் வட்டாரம்தான், ஆற்றுக்கு அந்தப் பக்கம். பல மடங்கு அதிகம் கொடுத்தும் கிடைக்கவில்லை. ஜெஃப் பெசோஸுக்கு வாஷிங்டனில் வீடு இருந்தது, முடிவு முன்னாடியே எடுத்தாச்சு என்று ஒரு பேச்சும் உண்டு. அது உண்மையாக இருந்தால் மற்ற ஊர்களின் செலவு இன்னும் வீண். பொருளாதார ஆய்வாளர் டிம் பார்ட்டிக் 2018இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்ன கணக்கு: சலுகை வாங்கும் நிறுவனங்களில் 2 முதல் 25 சதவீதம்தான் சலுகையால் முடிவை மாற்றுகின்றன. மற்றவை எப்படியும் வந்திருக்கும்.

ஆர்லிங்டன் விண்ணப்பத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. கிரிஸ்டல் சிட்டி, பென்டகன் சிட்டி, பொட்டோமாக் யார்டு என்று மூன்று பகுதிகளைச் சேர்த்து 'நேஷனல் லேண்டிங்' என்று புதுப் பெயர் வைத்தார்கள். அங்கே வசிப்பவர்கள் பலருக்கே அது புதுசு. ஊரை விற்கும்போது ஊர்க்காரர்களிடம் கேட்காத இந்தப் பழக்கம்தான் நியூயார்க்கில் வெடித்தது. சுமார் 300 கோடி டாலர் சலுகையை மேயரும் ஆளுநரும் பேசி முடித்தார்கள், நகர மன்றத்தைச் சுற்றிக்கொண்டு. எதிர்ப்பு கிளம்பியது. 2019 பிப்ரவரி 14 அன்று அமேசான் விலகிவிட்டது.

ஆனால் வர்ஜீனியா இரண்டு காரியங்களைச் சரியாகச் செய்தது. ஒன்று, பணத்தை முன்கூட்டிக் கொடுக்கவில்லை. வேலை உருவான பிறகு, வேலைக்கு 22,000 டாலர் என்ற கணக்கு. இரண்டு, கணினிக் கல்விக்குப் பெரும் தொகை ஒதுக்கியது. அலெக்ஸாண்ட்ரியாவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் புது வளாகம் அதில் வந்ததுதான். 2023 மார்ச்சில் அமேசான் இரண்டாம் கட்டக் கட்டுமானத்தை நிறுத்தி வைத்தபோது இதன் அருமை தெரிந்தது. வராத வேலைக்குக் காசு போகவில்லை. படிக்க வந்த பிள்ளைகளும் எங்கேயும் போகவில்லை.

இந்தக் கதையில் நான் ரசித்த விளம்பரம் ஒரு விண்ணப்பமே இல்லை. அர்கன்சாவின் லிட்டில் ராக் நகரம் 2017 அக்டோபரில் வாஷிங்டன் போஸ்ட்டில் ஒரு முழுப்பக்கம் வாங்கி, காதலை முறித்துக்கொள்ளும் கடிதம் போல எழுதி, போட்டியிலிருந்து விலகியது. நீ கேட்கிற அளவு எங்களுக்கு ஒத்துவராது, நெரிசல் இல்லாத எங்கள் ஊர் எங்களுக்குப் பிடித்திருக்கிறது என்ற தொனி. அதுவும் விற்பனைத் தந்திரம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அதைப் படித்தால் லிட்டில் ராக் எப்படிப்பட்ட ஊர் என்று ஒரு சின்ன கம்பெனிக்காரருக்குக்கூடப் புரியும். அட்டைப்பெட்டியைப் பார்த்தால் பர்மிங்ஹாமைப் பற்றி ஒன்றும் புரியாது.

ஊரை விற்கும் எந்தப் பிரசுரத்தைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி இதுதான்: கம்பெனி கடைசிவரை வரவே இல்லையென்றால், இந்தச் செலவில் ஊருக்கு என்ன மிஞ்சும்? பள்ளிக்கூடம், பஸ், தண்ணீர், பயிற்சி என்று பதில் வந்தால் அந்த ஊர் தன் மக்களையும் நினைத்துத்தான் செலவு செய்கிறது. வெறும் படமும் வரிவிலக்கும் என்றால் அது ஏலம்தான். ஏலம் விடப்படுகிற பொருளிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.