தண்ணீருக்காக வாங்கலாம்: டைல்ஸ் அறுக்கும் மேசைக் கட்டர்

7 அங்குல வைர பிளேடு, 600 வாட் மோட்டார், அடியில் தண்ணீர்த் தொட்டி, மேலே தகட்டு மேசை. இயந்திரத்தில் இருப்பது இவ்வளவுதான். கையில் பிடித்து அறுக்கும் மார்பிள் கட்டரைப் போலச் சில மடங்கு விலை கொடுத்து இதை எதற்கு வாங்க வேண்டும் என்று மேஸ்திரிகள் கேட்கிறார்கள். எங்கள் வீட்டுக் குளியலறைக்கும் சமையலறைக்கும் வேண்டிய டைல்ஸை இதில்தான் அறுத்தேன். அந்தத் தொட்டித் தண்ணீர் ஒன்றுக்காகவே வாங்கலாம் என்பேன்.

விட்ரிஃபைடு டைலிலும் கிரானைட்டிலும் குவார்ட்ஸ் இருக்கிறது. உலர்வாக அறுத்தால் மாவாகப் பறக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புழுதியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்கே தெரியாத துகள்தான் நுரையீரலின் அடிவரை இறங்கித் தழும்பேற்றுகிறது. சிலிகோசிஸ் என்கிற அந்த நோய்க்குக் குணம் கிடையாது. காசநோய் பற்றும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இடம்பெற்ற நோய் இது. ஆனால் வீடு கட்டும் இடம் தொழிற்சாலை ஆகாதே. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, டைலைக் காலால் மிதித்துப் பிடித்து அறுக்கும் பையன்களின் நெஞ்சை யார் படம் எடுத்துப் பார்க்கிறார்கள்? செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளை அறுத்த இளம் தொழிலாளர்கள் இந்த நோய்க்கு ஆளானதால், 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அந்தப் பலகைகளையே தடை செய்துவிட்டது. நம் டைல்ஸில் குவார்ட்ஸ் அதைவிடக் குறைவுதான். நாம் அறுப்பதோ பெரும்பாலும் உலர்வாக.

தண்ணீர் ஊற்றி அறுக்கும் வழக்கமும் உண்டு. பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு ஹெல்பர் பீய்ச்சுவார். மேஸ்திரியின் கையில் மின்சாரக் கட்டர் ஓடிக்கொண்டிருக்கும். பார்க்கவே பதறுகிறது. மேசைக் கட்டரில் பிளேடின் அடிப்பாகம் தொட்டியில் முழுகியே சுற்றுகிறது. புழுதி எழும் முன்பே சேறாகிவிடுகிறது. எல்லாமும் அடங்கிவிடும் என்று சொல்ல மாட்டேன். மூடிய அறைக்குள் வேலை என்றால் என்95 முகக்கவசம் வேண்டும்.

அறுவையின் குணமே வேறு. மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,950 சுற்று. மார்பிள் கட்டர் 13,000 வரை போகும். விளிம்பு வேகமாகக் கணக்கிட்டால் இது நொடிக்கு 28 மீட்டர், 110 மி.மீ. பிளேடு போட்ட மார்பிள் கட்டர் 75 மீட்டர். ஆகவே அவசரப்படுபவருக்கு இது சரிவராது. சுவர் டைல் தடையில்லாமல் போகிறது. 10 மி.மீ. விட்ரிஃபைடு நிதானம் கேட்கிறது. மோட்டார் சத்தம் இறங்கினால் தள்ளும் கையை இளக்க வேண்டும், அவ்வளவுதான். போகப்போக பிளேடு மழுங்கியதுபோல் தோன்றினால் தூக்கி எறிய வேண்டாம். வைரத் துகள்கள் தேய்ந்து, அவற்றைப் பிடித்திருக்கும் உலோகம் மேலே மூடியிருக்கும். ஒரு செங்கல்லையோ சிமென்ட் கல்லையோ நாலைந்து கோடு அறுத்தால் புது வைரம் வெளியே வரும். பிளேடு, விளிம்பில் வெட்டு இல்லாத முழுவட்டமாக இருக்கட்டும். கான்கிரீட்டுக்கான வெட்டு விட்ட பிளேடைப் போட்டால் டைல் ஓரம் சில்லு சில்லாகப் பெயரும்.

இந்த இயந்திரத்தின் பலவீனம், டைலை ஒட்டிவைத்துத் தள்ளும் பக்கக் கட்டை. திருகை இறுக்கும்போது அதன் ஒரு முனை நகர்ந்துவிடுகிறது. மேசையில் அச்சடித்த அளவுகளை நான் பார்ப்பதே இல்லை. இரும்பு ஸ்கேலை வைத்து, பிளேடின் முன்விளிம்பிலிருந்து கட்டைக்கு ஒரு அளவு, பின்விளிம்பிலிருந்து ஒரு அளவு. இரண்டும் ஒன்றாக வரும்வரை சுவிட்சைத் தொடக் கூடாது. பின்னால் இடைவெளி குறைந்தால் டைல் நெருக்குண்டு உடையும், அல்லது நம்மை நோக்கி எகிறும். பிளேடு தின்னும் தடிமன் சுமார் 2 மி.மீ., அரை நூலுக்குச் சற்று மேல். 2 மி.மீ. ஸ்பேசர் வைத்துப் போடும் தரையில் அது ஒரு முழு ஜாயிண்டுக்குச் சமம். கோட்டின் எந்தப் பக்கம் அறுக்கிறோம் என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். பென்சில் கோட்டைத் தண்ணீர் கழுவிவிடும். மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் கோடு போட்டால் கோடும் நிற்கும், ஓரமும் பிசிறாது. பளபளப்பு முகம் மேலே இருக்கட்டும்.

ரெண்டுக்கு ரெண்டு அடி டைல் இந்தச் சின்ன மேசைக்கு வெளியே தொங்கும். அதே மட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகையை நிறுத்தாவிட்டால் கடைசி இரண்டு அங்குலத்தில் மூலை முறிவது நிச்சயம். கதவு நிலைக்காக எல் வடிவில் அறுக்கும்போது, உள்மூலையில் வைர பிட்டால் 6 மி.மீ. துளை போட்டுவிட்டு அந்தத் துளைவரை அறுத்தால் விரிசல் ஓடாது. பிளேடின் மையம் மேசைக்குக் கீழே இருப்பதால் மேல்முகத்தில் தெரிவதைவிட அடியில் வெட்டு சற்று நீளமாகப் போகும். அது கலவைக்குள் மறைந்துவிடும். 45 டிகிரிச் சாய்வும் இருக்கிறது. அதன் பூட்டு நம்பும்படி இல்லை.

மின்சாரத்தில் சமாதானமே கூடாது. வயர் நுனியைச் சீவித் தீக்குச்சி வைத்துச் சாக்கெட்டில் செருகும் பழக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உயிரை வாங்கும். எர்த் உள்ள மூன்று பின் பிளக், மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் இதை ஓட்டாதீர்கள். வயர் வழியே வழியும் நீர் தரையில் சொட்டும்படி, சாக்கெட்டுக்குக் கீழே அதைத் தொங்கவிட்டு மேலே கொண்டுபோங்கள். பல் இல்லாத பிளேடு என்பதால் பயம் விட்டுப்போகிறது, ஆபத்து அங்கேதான். கழுத்துத் துண்டு, துப்பட்டா, தொளதொள முழுக்கை, துணிக் கையுறை எதுவும் வேண்டாம். கண்ணாடி கட்டாயம். பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காமல் ஓரடி விலகி நில்லுங்கள். இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த பட்டையைத் தள்ள விரல் வேண்டாம், மரக்குச்சி போதும். அறுபட்ட துண்டை எடுப்பது பிளேடு நின்ற பிறகு.

வேலை முடிந்ததும் சேற்றைச் சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். இரவு முழுக்க வாளியில் தெளியவிட்டு, மேல் நீரை இறுத்து, மண்டியை ஈரமாகவே சாக்கில் கட்டிவிட வேண்டும். காயவிட்டுப் பெருக்கினால் அது மறுபடி அதே புழுதிதான்.

நேர்க்கோட்டில் சுவர் டைல் மட்டும் வெட்டுபவருக்குக் கோடு கீறி முறிக்கும் கைக் கட்டரே போதும், கரண்டும் வேண்டாம். ரெண்டுக்கு நாலு டைலுக்கு இந்த மேசை போதாது. குழாய்க்கான வட்டத் துளையும் இதில் வராது. பட்டைகள், ஸ்கர்ட்டிங், நிலை ஓரத்து எல் வெட்டு என்று வேலை வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு தளத்திலும் ஒன்று வைக்க வேண்டும். வீடு கட்டுபவர்களே, டைல்ஸ் கூலி பேசும்போது ஈர அறுவை என்று சேர்த்துப் பேசுங்கள்; கூடுதலாகும் தொகையை நீங்கள் கொடுங்கள்.