பாதாளத்தில் ஒரு பொதுவாயில்

மண்ணுக்குக் கீழே ஏழு உலகங்கள் உண்டு என்றனர் புராணிகர். அதலம், விதலம், சுதலம் என்று அடுக்கிப் பெயரிட்டனர். பாம்புகளையும் அரக்கர்களையும் அங்கே குடியேற்றினர். கருவியேந்திய தொழிலாளி அங்கே இறங்கினான். அவன் கண்டதோ களிமண், மணல், பாறை, ஊற்றுநீர்! அவற்றை அகற்றி, மக்கள் வந்து போக ஒரு மண்டபத்தைக் கட்டிவிட்டு மேலேறினான். புராணிகரின் பாதாளம் அச்சம் தந்தது. தொழிலாளியின் பாதாளம் பயணம் தருகிறது.

சென்னையின் நிலத்தடி இரயில் நிலையங்களைக் கண்டு திரும்பிய நமக்கு எழுந்த எண்ணம் இது. கோபுரத்தையும் அரண்மனையையும் மட்டுமே கலையென்று திறனாயும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. நாள்தோறும் மக்கள் மிதித்துச் செல்லும் நிலையத்தையும் கலைப்படைப்பாகக் கொண்டு எடைபோட்டால் என்ன?

2017 மே 14 அன்று திருமங்கலத்திற்கும் நேரு பூங்காவிற்கும் இடையே சென்னையின் முதல் நிலத்தடி வண்டி ஓடிற்று. உசிலம்பட்டித் தோழர்கள் மயங்க வேண்டா. அது நம் பக்கத்துத் திருமங்கலமன்று, சென்னைத் திருமங்கலம்! 2018 மே திங்களில் சென்ட்ரலையும், 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையையும் பாதை எட்டியது. முதற்கட்டமாகத் திட்டமிட்ட 45 கிலோமீட்டரில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் மண்ணுக்கடியில்.

நிலையம் எழும் முறை வியப்புக்குரியது. முதலில் எல்லை நெடுகக் குறுகலான, ஆழமான பள்ளம் வெட்டுவர். மண் சரியாதிருக்கப் பெண்டோனைட் என்னும் களிமண் குழம்பை அதில் நிரப்புவர். கம்பிக்கூட்டை இறக்கி, குழாய் வழியே அடியிலிருந்து கான்கிரீட்டைச் செலுத்துவர். கனமான கான்கிரீட்டு, குழம்பை மேலே தள்ளிவிட்டுத் தானே சுவராகி நிற்கும். பின்னர் பல இடங்களில் கூரையை முதலில் போட்டு, அதன் கீழே தளம் தளமாகத் தோண்டி இறங்குவர். வீடு கட்டுவோர் அடித்தளத்தில் தொடங்கிக் கூரையில் முடிப்பர். இவர்களோ கூரையில் தொடங்கி அடித்தளத்தில் முடிக்கின்றனர்! மேலே ஊர் ஓடிக்கொண்டிருக்க, கீழே ஊர் உருவாகிறது. அதைத் தாங்குவது மந்திரமன்று, கணக்கு.

நடைமேடை ஓரத்துக் கதவுகளும் அவ்வாறே அறிவின் ஆக்கம். வண்டி வந்து நின்ற பின்னரே அவை திறக்கும். குளிர்காற்று சுரங்கத்தில் வீணாகாது, மனிதர் தண்டவாளத்தில் விழார்.

ஆயினும் நம் உள்ளத்தைக் கவர்ந்த அழகு வேறு. வாயில் பொது, படிக்கட்டு பொது, இருக்கை பொது. இதில் என்ன புதுமை என்பார்க்கு வரலாறு விடை சொல்லும். 1863-இல் இலண்டனில் உலகின் முதல் நிலத்தடி இரயில் நீராவிப் புகையைக் கக்கியபடி ஓடியபோது, அதில் மூன்று வகுப்புகள் இருந்தன. நம் நாட்டிலோ வகுப்போடு வருணமும் சேர்ந்துகொண்டது! இரயில் நிலைய உணவகங்களில் பார்ப்பனர்க்கு ஓரிடம், மற்றவர்க்கு ஓரிடம் என்றிருந்த இழிவு, பெரியாரின் கிளர்ச்சிக்குப் பின் 1941-இல்தான் ஒழிந்தது. கட்டடத்தின் வரைபடத்திலேயே சாதி குடியிருந்த நாட்டில், சாதிக்கென ஒரு கதவும் வரையப்படாத கட்டடம் அழகன்றோ?

அழகில் குறையே இல்லையா? உண்டு. வருணத்துக்குக் கதவடைத்த இடத்தில் வகுப்பு நுழைந்தது. சென்னை வண்டியில் கூடுதல் கட்டணம் செலுத்துவோர்க்கென ஒரு சிறப்புப் பெட்டி வைத்தனர். 2020 இறுதியில் அது மகளிர்க்குரியதாக மாற்றப்பட்டது. திருந்தியதைப் பாராட்டுவோம், ஆனால் முதலில் வைக்கத் தோன்றியதே, அந்த எண்ணத்தை மறவோம்.

மற்றொரு குறை, முகமின்மை. ஒரு நிலையத்தை மற்றொன்றிலிருந்து பெயர்ப்பலகை கொண்டே பிரித்தறிய வேண்டியிருக்கிறது. மாஸ்கோவில் 1938-இல் திறக்கப்பட்ட மாயகோவ்ஸ்கயா நிலையத்தில், எஃகு தழுவிய தூண்களுக்கு மேல் வானத்தையே வண்ணக்கல் ஓவியமாகப் பதித்தனர். அங்கும் ஆட்சியின் புகழே ஓங்கி ஒலித்தது என்பது மெய். நாம் கேட்பது புகழ்மாலையன்று, பளிங்குமன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்களால் பெயர்பெற்றது வண்ணாரப்பேட்டை. அந்த உழைப்பாளரின் கதை சுவரெங்கும் விரிந்தால், அங்கு இறங்கும் சிறுவன் தன் மூதாதையர் பெயரை நாணத்தோடா படிப்பான்? தலை நிமிர்ந்து படிப்பான்! வடமாநிலங்களிலிருந்து வந்து சுரங்கம் குடைந்த தோழர்க்கும் ஒரு சுவர் வேண்டும். மன்னர்க்குக் கல்வெட்டு உண்டு. மண் சுமந்தவர்க்கு ஏன் இல்லை?

இனி நம் மதுரை. திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை, ஏறத்தாழ 32 கிலோமீட்டர், நகரின் நடுவே சிறிது தொலைவு நிலத்தடியில் என்று திட்டம் தீட்டப்பட்டது. மக்கள்தொகை 20 இலட்சத்துக்குக் குறைவு என்னும் காரணம் காட்டி ஒன்றிய அரசு 2025 நவம்பரில் அதைத் திருப்பி அனுப்பிற்று. உசிலம்பட்டியிலிருந்தும் சுற்றுவட்டச் சிற்றூர்களிலிருந்தும் விடியலில் மதுரைக்குப் புறப்பட்டு இருளில் திரும்புவோர் அந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் வருகின்றனர்? நகரில் உறங்குவோரை மட்டும் எண்ணினால் போதுமா? நகருக்காக உழைப்போரையும் எண்ண வேண்டாவா?

திட்டம் மீண்டும் எழும். எழச் செய்ய வேண்டும். எழும்போது, எத்தனை கோடி என்று மட்டும் கேளாதீர், இளைஞர்களே! வாயில் யாவர்க்கும் பொதுவா, கட்டணம் கூலிக்காரன் கைக்கு எட்டுமா, சுவரில் எவர் கதை என்றும் கேளுங்கள். அந்த மூன்று கேள்விகளுக்கும் நேரிய விடை தரும் நிலையமே நமக்கு மாளிகை.