சம்மதப் படிவத்தின் தமிழ்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம், விவசாய பீடம், கலைப் பீடம் மூன்றும் உள்ளன. 1975 முதல் விவசாயப் பட்டப்பின்படிப்பு நிறுவகமும் அங்கே இயங்குகிறது. பக்கத்திலே கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஆய்வு நிலையங்கள். ஆகவே அக்குறணை, மடவளை, கல்ஹின்னை, உடத்தலவின்னை போன்ற எங்கள் ஊர்களுக்கு ஆய்வாளர் வருவது புதினமான விசயமல்ல. சீனி வருத்தம் பற்றிக் கேட்க ஒருவர் வருவார், மிளகு விளைச்சல் பற்றிக் கேட்க இன்னொருவர். வருகிறவர்கள் பெரும்பாலும் பட்டப்படிப்பு மாணவர்கள். மரியாதையான பிள்ளைகள். கையிலே நெறிமுறைக் குழு அங்கீகரித்த ஆய்வு என்ற குறிப்போடு ஒரு தகவல் பத்திரமும் ஒரு சம்மதப் படிவமும் இருக்கும்.

கவிதைத் தொகுதிக்கு விமர்சனம் எழுதுகிறோம், நாவலுக்கு எழுதுகிறோம். எங்கட ஆக்கள் வாசித்து, அல்லது வாசிக்காமலே, கையொப்பம் வைக்கிற இந்த இரண்டு பக்கத் தமிழுக்கு யாரும் விமர்சனம் எழுதி நான் காணவில்லை. அதனால் எனக்குக் கிடைத்த சில படிவங்களை ஒரு தமிழாசிரியர் பிரதியொன்றை வாசிக்கும் விதத்தில் வாசித்துப் பார்த்தேன். எந்த நிறுவனத்தையும் குறிவைத்து இதை எழுதவில்லை. குறை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது.

இந்தப் படிவத்துக்குப் பின்னால் பெரிய வரலாறு உண்டு. நாஜி வைத்தியர்களின் விசாரணைக்குப் பின் 1947இல் வந்த நியூரம்பர்க் கோவையின் முதல் விதியே, ஆய்வுக்கு உட்படுபவரின் சுயவிருப்பான சம்மதம் கட்டாயம் என்பதுதான். 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை வெளியிட்டது. தகவலைச் சொன்னால் மட்டும் போதாது, அவர் அதை விளங்கிக்கொண்டாரா என்று பார்த்த பிறகே சம்மதம் கேட்க வேண்டும் என்ற நிலைப்பாடு இன்று அதில் உண்டு. ஆகவே விளங்காத தமிழில் எழுதிய படிவத்தில் வைத்த கையொப்பம், அந்த அளவுகோலின்படி சம்மதமே ஆகாது. மொழிப் பிழை இங்கே அறப் பிழையாகிவிடுகிறது.

முதலில் சொற்கள். மருந்துப் பரிசோதனைப் படிவங்களில் 'எழுமாற்று முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்படுவீர்கள்' என்ற பாங்கில் ஒரு வாக்கியம் வரும். உயர்தரத்தில் கணிதம் படித்த பிள்ளைக்கு எழுமாற்று என்றால் தெரியும். ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட ஓர் உம்மாவுக்கு? டொக்டர் தனக்குப் பொருத்தமான மருந்தைத்தான் தெரிவு செய்து தருகிறார் என்றே அவர் நினைப்பார். உண்மையில் சீட்டுக் குலுக்கி எடுப்பது போலத்தான் அது முடிவாகிறது. அவர் அறிந்திருக்க வேண்டிய மிக முக்கியமான விசயம், அவருக்கு விளங்காத அந்த ஒரு சொல்லுக்குள் புதைந்து கிடக்கிறது.

இதைத் தடுக்கத்தானே மீள்மொழிபெயர்ப்பு இருக்கிறது என்பார்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியதை இன்னொருவர் மறுபடி ஆங்கிலமாக்கி இரண்டையும் ஒப்பிடும் முறை அது. அதைச் செய்பவரும் படித்தவர்தானே. எழுமாற்று என்பதைக் கண்டவுடன் சரியான ஆங்கிலச் சொல்லை எழுதிவிடுவார். இரண்டும் பொருந்தும், குழுவும் திருப்தியடையும். இரண்டு படித்தவர்கள் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொண்டார்கள் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. படிவத்தை வாசிக்க வேண்டியவர் அந்தச் சோதனையில் எங்குமே வருவதில்லை.

இரண்டாவது இலக்கணம். 'இரகசியம் பேணப்படும்', 'மாதிரிகள் பாதுகாக்கப்படும்', 'தரவுகள் அழிக்கப்படும்'. எல்லாம் செயப்பாட்டு வினை. யார் பேணுவார்? யார் அழிப்பார், எப்போது? எழுவாய் இல்லாத வாக்குறுதியை யாரிடம் போய்க் கேட்பது? 'உங்கள் இரத்த மாதிரியை ஆய்வு முடிந்ததும் நாங்கள் அழித்துவிடுவோம்' என்று எழுத எந்த இலக்கணமும் தடையில்லை. அப்படி எழுதினால் பொறுப்பு ஒருவர் தலையில் விழும்.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் நடந்தவற்றுக்குப் பிறகு இது சிறிய விசயமல்ல. கடை எரிந்த ஒருவரிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டுவிட்டு, சொன்னதை யார் யார் பார்ப்பார்கள் என்று சொல்லாமல் 'பேணப்படும்' என்று முடித்துக்கொள்ள முடியாது. 'பேர் போட மாட்டீங்கதானே?' என்றுதான் அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கான பதில் படிவத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

மூன்றாவது உறவுமுறை. குடும்பத்தில் யாருக்கு நீரிழிவு உண்டு என்று அறிய, தாத்தா, பாட்டி என்று நிரல் போட்ட ஒரு கேள்வித்தாளைப் பார்த்தேன். கண்டியில் தாத்தா என்பது மூன்று ஆள். சிங்களவருக்குத் தகப்பன்; மலையகத் தமிழருக்குப் பாட்டன்; எங்களுக்கோ மூத்த சகோதரி. எங்கள் வீட்டுப் பெண் ஒருவர் 'ஓம், தாத்தாவுக்குச் சீனி ஈக்கிது' என்று சொன்னால், அந்தக் கூட்டில் பாட்டனுக்கு நேரே சரி விழும். ஆய்வாளர் பொய் எழுதவில்லை, பதில் சொன்னவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் தரவு பிழை. அறத்தைப் பற்றிக் கவலைப்படாதவரும் இந்த இடத்தில் கவலைப்படத்தான் வேண்டும். மொழி பிழைத்தால் விஞ்ஞானமும் பிழைக்கும்.

விவசாயக் கேள்வித்தாள்களில் இதே சங்கடம் அளவைகளில் வருகிறது. காணியின் பரப்பு எத்தனை ஹெக்டேயர் என்று கேட்கிறார்கள். ஒரு ஹெக்டேயர் என்பது ஏறத்தாழ 395 பேர்ச்சஸ். எங்கள் வீட்டுத்தோட்டக்காரருக்கு பேர்ச்சஸ் தெரியும், ஏக்கர் தெரியும். அதைவிட, எத்தனை மிளகுக் கொடி, எத்தனை கராம்பு மரம் என்று விரலில் எண்ணிச் சொல்வார். மிளகும் கராம்பும் பலாவும் சாதிக்காயும் ஒரே நிலத்தில் மேலும் கீழுமாக நிற்கும் தோட்டத்தில், பயிருக்கு இத்தனை ஹெக்டேயர் என்று பிரித்துக் கேட்டால் குத்துமதிப்பாக ஓர் எண்தான் வரும்.

சனங்களின் சொல்லைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை ஏறக்குறைய 600 கறுப்பின ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் நோய். அவர்களிடம் சொன்னதோ 'கெட்ட இரத்தம்' என்ற ஊர்வழக்குச் சொல். பெனிசிலின் பரவலாகக் கிடைத்த பிறகும் அவர்களுக்கு அந்தச் சிகிச்சை கிடைக்கவில்லை. எளிய சொல்லும் உண்மையை மூடக்கூடும். ஆகவே எனக்கு வேண்டியது எளிமை மட்டுமல்ல. நடக்கப்போவதை முழுதாகச் சொல்லும் எளிமை.

அது தமிழில் முடியாததொன்றுமல்ல. கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். சட்டமும் கல்வியும் உலக நடப்பும் எங்கள் சமூகத்துக்குத் தமிழிலேயே எட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். நூற்று நாற்பது வருடங்களுக்குப் பிறகு ஓர் இரத்தப் பரிசோதனையை விளங்கப்படுத்த எங்கள் தமிழுக்கு வலுவில்லை என்றால் யார் நம்புவார்?

மாணவ ஆய்வாளருக்கு நேரமும் காசும் குறைவு என்பது நியாயமான பதில். அதனால் நான் கேட்பவை செலவில்லாதவை. படிவம் குழுவுக்குப் போகுமுன் அது போகவிருக்கும் ஊரிலேயே ஐந்து பேரிடம் வாசித்துக் காட்டி, 'இப்ப நான் சொன்னதை நீங்க சொல்லுங்க பாப்பம்' என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதைக் குழு பார்க்கட்டும். உறவுமுறைகளை முஸ்லிம், மலையக வழக்குகளில் தனித்தனியாகப் போடுங்கள். வாக்குறுதிகளை 'நாங்கள்' என்று தொடங்குங்கள். ஆய்வு முடிந்ததும் கண்டது என்ன என்று ஒரு பக்கத் தமிழில் எழுதி, பள்ளிவாசல் அறிவிப்புப் பலகைக்கும் பாடசாலைக்கும் அனுப்புங்கள். எங்கள் ஊர்களில் எத்தனையோ முறை இரத்தம் எடுத்தார்கள். திரும்பி வந்து 'இதுதான் கண்டோம்' என்று சொன்ன ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

எங்களுக்கும் வேலை உண்டு. ஒவ்வோர் ஊரிலும் தமிழ் படித்த ஆசிரியர் இருக்கிறார். ஒரு படிவத்தைப் பார்த்துத் திருத்திக் கொடுக்க ஒரு பின்னேரம் போதும். ஆய்வாளர் வீட்டு வாசலுக்கு வரும்போது 'நாளைக்கு வாங்க, வாசிச்சுப் பாத்துட்டு சைன் வெக்கிறேன்' என்று சொல்லும் உரிமை தமக்குண்டு என்பதை எங்கள் உம்மாமாருக்கு முதலில் சொல்லிக்கொடுப்போம்.